செங்கல்லைச் சேகரித்தவர்: ஹென்றி பார்க்கரும் வன்னிக் குளங்களும்

துணுக்காயிலிருந்து தென்கிழக்கே, மல்லாவியை அடுத்து, பாலியாற்றை மறித்துக் கிடக்கிறது வவுனிக்குளம். இன்று அதன் கட்டில் ஏறி நிற்பவருக்குத் தெரிவது 1950களில் மீளக் கட்டப்பட்ட குளம். கொங்கிறீட்டுத் துருசு, நேராக வெட்டிய வாய்க்கால், அதன் கீழே குடியேற்றத் திட்டத்தோடு வந்த கமங்கள். அதற்கு முன் அங்கே கட்டு உடைந்து, காடு மூடி, பல நூற்றாண்டாகப் பாழ்பட்டுக் கிடந்த ஒரு பெருங்குளம் இருந்தது. அந்தப் பழைய குளத்தின் உடலை ஆராய்ந்து எழுதிவைத்தவர் வரலாற்றாசிரியர் அல்லர். அரசாங்கச் சம்பளம் வாங்கிய நீர்ப்பாசனப் பொறியியலாளர். ஹென்றி பார்க்கர் என்பது அவர் பெயர். 1909இல் லண்டனில் வெளிவந்த ‘ஏன்சியன்ற் சிலோன்’ என்ற அவரது நூலில் வவுனிக்குளம் இலங்கையின் மிகப் பழைய நீர்ப்பாசன வேலைகளுள் ஒன்றாக இடம்பெறுகிறது. அதற்கு அவர் காட்டும் சான்றுகளில் முதன்மையானது, துருசில் கிடந்த செங்கற்களின் அகலமும் தடிப்பும்.

தொல்பொருள் சேகரித்த கனவான் அறிஞர் என்றதும் நம் மனதில் எழும் உருவம் வேறு. தோட்டத்து வருமானத்தில் வாழ்ந்து, பெட்டி பெட்டியாய் நாணயமும் சிலையும் அடுக்கி, மாலையில் நண்பர்களை அழைத்துக் காட்டும் ஆங்கிலேயப் பிரபு. இலங்கைக்கு அந்த வகையினர் அதிகம் வரவில்லை. இங்கே வந்த அறிஞர்களுக்குப் பகல் வேலை இருந்தது. மகாவம்சத்தை 1837இல் ஆங்கிலத்தில் தந்த ஜோர்ஜ் ரேணர் சிவில் சேவை அதிகாரி. 1881இல் பாளி நூற் கழகத்தைத் தொடங்கிய ரைஸ் டேவிட்ஸ் அதே சேவையில் இருந்து, மனக்கசப்போடு வெளியேறியவர். நம்மவர் வரிசையிலும் இதே கதைதான். 1834இல் ‘சிலோன் கசற்றியர்’ என்ற இடவிவரக் களஞ்சியத்தையும் 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்ற புலவர் வரலாற்றையும் எழுதிய சைமன் காசிச்செட்டி புத்தளத்தின் மணியகாரராக இருந்தவர். ‘பண்டைய யாழ்ப்பாணம்’ பற்றி 1926இல் ஆங்கிலத்தில் பெருநூல் எழுதிய செ. இராசநாயகமும் அரசாங்க உத்தியோகத்தில் முதலியார் பட்டம் பெற்றவரே. வரி, வழக்கு, வீதி, குளம் என்று அலைந்த வேலைகளுக்கு இடையில் கிடைத்த நேரத்தில்தான் இந்தத் தீவின் பழமை முதலில் பதிவானது. ரோயல் ஏசியாற்றிக் கழகத்தின் இலங்கைக் கிளை 1845இல் தோன்றியபின் இவர்களுக்கு ஒரு கூடமும் ஓர் இதழும் வாய்த்தன. அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருவருடைய பகல் வேலை எதுவோ, அதுவே அவர் எதைப் பழமை என்று காண்பார் என்பதையும் தீர்மானித்தது. வன்னியில் இதைத் தெளிவாகக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் மூன்று பேர் இந்த நிலத்தை அல்லது அதன் அயலைத் துருவினார்கள். மூவரும் சேகரித்தவை வேறு, சேகரித்த விதமும் வேறு.

முதலாமவர் ஹியூ நெவில். 1847இல் பிறந்து, 1860களில் இலங்கைக்கு வந்து, சிவில் சேவையில் திருகோணமலை உட்படப் பல இடங்களில் பணியாற்றியவர். மூவருள் ‘சேகரிப்பாளர்’ என்ற சொல் முழுமையாகப் பொருந்துவது இவருக்குத்தான். சங்கு, சிப்பி முதல் சடங்குப் பாட்டு வரை எதையும் விடவில்லை. 1885 முதல் 1888 வரை ‘தப்ரபேனியன்’ என்ற இதழைத் தானே நடத்தி, பாதிப் பக்கங்களைத் தானே எழுதி நிரப்பினார். அவருடைய கற்பனை சில இடங்களில் கட்டறுத்து ஓடும்; இனங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதியவற்றை இன்று படித்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும். ஆனால் ஏட்டுச்சுவடிகளில் அவர் கண் தவறவில்லை. சிங்களக் கவிச் சுவடிகளே மிகுதி. பாளியும் தமிழும் உண்டு. மொத்தம் இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட சுவடிகள். உடல்நலம் கெட்டு 1897இல் ஓய்வு பெற்றுப் புறப்பட்டவர், அதே ஆண்டு பிரான்சில் இறந்தார். சுவடிகளைப் பிரித்தானிய நூதனசாலை 1904இல் வாங்கியது. அவற்றின் சிங்களப் பகுதிக்கு கே. டி. சோமதாச தயாரித்த ஏழு தொகுதி அட்டவணை வெளிவந்து முடிய 1995 ஆயிற்று. ஒருவர் முப்பது ஆண்டில் திரட்டியதைப் பட்டியலிட மட்டும் இன்னொருவருக்கு ஏறக்குறைய ஓர் ஆயுள் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டாமவர் ஜே. பி. லூயிஸ். வன்னியைப் பற்றி எழுதுபவர் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1895இல் கொழும்பில் அச்சான அவரது ‘வன்னி மாவட்டங்களின் கைநூல்’ வவுனியாவையும் முல்லைத்தீவையும் பற்றிய நிர்வாகக் கையேடு. ஆனால் அதைக் கையேடாக மட்டும் படிப்பவர் மிகச் சிலரே. மண், மழை, குளம், குடிமதிப்பு, வன்னியர் வரலாறு, கோயில், பறங்கி நோய், காய்ச்சல், குடிகள் ஏன் குறைந்தார்கள் என்ற கேள்வி, எல்லாம் அதில் இருக்கின்றன. கச்சேரிக் கோப்புகளைக் கையாண்ட மனிதருக்குப் பட்டியல் போடுவது இயல்பாக வந்தது. நெற்களத்தில் கமக்காரர் மட்டும் பேசும் தனிமொழியைப் பட்டியலிட்டார். வன்னியின் இடப்பெயர்களைப் பட்டியலிட்டார். 1913இல் இலங்கையிலுள்ள ஐரோப்பியரின் கல்லறைக் கல்வெட்டுகளை ஒரு பெருநூலாகவே பட்டியலிட்டார். எதையும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோகாத சேகரிப்பு இது. பெயர்களும் எண்களும் மட்டும்.

மூன்றாமவர் பார்க்கர். இவர் அளந்தார்.

பார்க்கர் நீர்ப்பாசன வேலைக்கு வந்தது 1873இல். அந்த ஆண்டு தற்செயலானதல்ல. தேசாதிபதி வில்லியம் கிரகெரி அநுராதபுரத்தைத் தலைநகராக வைத்து வடமத்திய மாகாணத்தை உருவாக்கியதும் அதே 1873இல்தான். பாழடைந்த குளங்களைத் திருத்தினால் நெல் விளையும், நெல் விளைந்தால் வரி வரும், காய்ச்சலில் அழியும் கிராமங்களும் ஒருவேளை பிழைக்கும் என்ற எண்ணம் அப்போது அரசாங்கத்தில் பலத்தது. நெல்வரி 1892இல் ஒழிக்கப்படும்வரை அந்தக் கணக்கு நேரடியானது. 1877இல் கொழும்பு நூதனசாலையும் கிரகெரி காலத்தில்தான் திறக்கப்பட்டது. கல்வெட்டுகளைப் படிக்க அழைக்கப்பட்ட ஜெர்மானியர் போல் கோல்ட்ஷ்மித் அதே 1877இல் காய்ச்சலில் இறந்தார். தொல்லியல் திணைக்களம் எச். சி. பி. பெல் தலைமையில் 1890இல்தான் வரப்போகிறது. வந்த பின்பும் அதன் கைகள் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகியவற்றிலேயே நிறைந்திருந்தன. வன்னிக் காட்டுக்குள் கிடந்த பழமையை முதலில் எதிர்கொண்டவர்கள், உடைந்த குளத்தை அளந்து மதிப்பீடு போடச் சென்ற பொறியியலாளர்களே.

பார்க்கரின் முதல் பெரிய கண்டுபிடிப்பு தெற்கில் நிகழ்ந்தது. திஸ்ஸமகாராமவில் பழைய குளத்தைத் திருத்தும் வேலையில் மண்ணுக்குள்ளிருந்து பழைய குடியிருப்பின் எச்சங்கள் வெளிவந்தன. காசு, மட்பாண்டம், இரும்புப் பொருள் என்று வந்தவற்றை மேற்பார்வையாளரின் மேசையில் காட்சிக்கு வைத்துவிட்டு அவர் வேலையைத் தொடரவில்லை. எது எந்த ஆழத்தில் கிடைத்தது என்று பார்த்து எழுதினார். 1884இல் அது ஏசியாற்றிக் கழக இதழில் அறிக்கையாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1885இல், வடக்கே கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவில் குளம் கட்டும் திட்டத்தை வகுத்தார். அந்தக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. கிளிநொச்சி இன்று ஒரு நகரமாக இருப்பதற்குப் பின்னால் உள்ள பெயர்களில் பார்க்கருடையதும் ஒன்று என்பது அங்குள்ள பலருக்குத் தெரியாது. நீர்ப்பாசனத் திணைக்களம் தனித் திணைக்களமானது 1900இல். பார்க்கர் ஓய்வு பெற்றது 1904இல்.

1904 என்ற ஆண்டுக்கு வேறொரு விசித்திரமும் உண்டு. நெவிலின் சுவடிகளைப் பிரித்தானிய நூதனசாலை வாங்கிய அதே ஆண்டில், பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் கற்காலத்தை உலகுக்குக் காட்டிய புவிச்சரிதவியலாளர் ரொபேர்ட் புரூஸ் பூட்டின் சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. பூட்டும் பகல் வேலைக்காரர்தான். பாறை பார்க்கப் போனவர் பாறையிலேயே மனிதன் செதுக்கியதைக் கண்டார். அவருக்கு முன் சுவடிகளும் கல்வெட்டுகளும் திரட்டிய கொலின் மெக்கன்சி நில அளவையாளர். தென்னாசியாவின் பழமையைக் கண்டெடுத்தவர்களில் பலர் சங்கிலியும் அளவுகோலுமாக அலைந்தவர்கள். எகிப்தில் இதே காலத்தில் பிளின்டர்ஸ் பெற்றி செய்ததும் அதுவே. 1880இல் அவர் பிரமிட்டுக்குப் போனது அதை அளப்பதற்குத்தான். பின்னர், பொன்னையும் சிலையையும் மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, உடைந்த பானை ஓடுகளின் வடிவ மாற்றத்தைக் கொண்டு காலவரிசை அமைத்தார். பார்க்கரும் பெற்றியும் ஒருவரையொருவர் பார்த்து எழுதியவர்கள் என்பதற்கு நான் சான்று காட்ட முயலவில்லை. விலைபோகாத பொருளில்தான் காலம் ஒழுங்காகப் பதிந்திருக்கிறது என்ற எண்ணம் இருவருக்கும் தொழிலிலிருந்தே வந்தது என்று மட்டும் சொல்வேன்.

பார்க்கர் தேர்ந்த விலைபோகாத பொருள் செங்கல். அவர் கேட்ட கேள்வி எளியது. அநுராதபுரத்தின் பெரிய தாதுகோபங்கள் எந்த அரசர் காலத்தில் எழுந்தன என்பது வரலாற்று நூல்களில் இருக்கிறது. தூபாராமம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு, ருவன்வெலிசாய இரண்டாம் நூற்றாண்டு, அபயகிரி முதலாம் நூற்றாண்டு, ஜேதவனம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டியது. அவற்றின் செங்கற்களை அளந்தால் ஓர் ஒழுங்கு தென்படுமா? தென்பட்டது. பழையவை பெரியவை. காலம் செல்லச் செல்ல அளவு சுருங்கியது. அப்படியானால், காலம் தெரியாத கட்டடத்தின் செங்கல்லை இந்த வரிசையில் பொருத்திப் பார்க்கலாம். இடிபாடுகளில் முழுச் செங்கல் கிடைப்பது அரிது. பெரும்பாலும் நடுவில் உடைந்து நீளம் போயிருக்கும். அகலமும் தடிப்பும் துண்டிலும் தப்பும். எனவே நீளத்தை விட்டுவிட்டு, அகலத்தைத் தடிப்பால் பெருக்கி வரும் எண்ணைத் தன் அளவுகோலாக்கினார். அலுவலகத்தில் உட்கார்ந்து சிந்தித்தவர் எடுத்த முடிவல்ல இது. இடிந்த துருசுக்குள் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கியவருக்கே தோன்றக்கூடியது.

இந்த அளவுகோலோடுதான் அவர் வவுனிக்குளத்தை அணுகினார். துருசுச் செங்கற்கள் அவரைக் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளுக்கு இட்டுச் சென்றன. அடுத்து மகாவம்சத்தைத் திறந்தார். துட்டகைமுனு மகாதூபத்தைக் கட்டும் வேளையில் பல திசைகளிலிருந்தும் அற்புதமாகப் பொருள்கள் தோன்றிய கதை அதில் வருகிறது. அநுராதபுர நகரத்திலிருந்து வடமேற்குத் திசையில் ஏழு யோசனை தூரத்தில், பெலிவாபி என்ற குளத்தருகே மணலில் நான்கு மாமணிகள் கிடைத்தன என்பது அவற்றுள் ஒன்று. அந்தப் பெலிவாபிதான் வவுனிக்குளம் என்றார் பார்க்கர். குளத்துக்கு நீர் தரும் ஆற்றின் பெயர் பாலியாறு என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்த அடையாளம் கவர்ச்சியாகவே இருக்கிறது. பின் வந்தவர்கள் பலர் ஏற்றுக்கொண்டார்கள். நம் பக்கத்தில் இந்தக் குளத்தை எல்லாளனோடு இணைத்துப் பேசும் மரபு வலுவாக உண்டு. மணிகள் கிடைத்ததைச் சொல்லும் மகாவம்சப் பகுதியில் குளத்தைக் கட்டியவர் பெயர் எதுவும் இல்லை. எல்லாளன் துட்டகைமுனுவுக்கு முன் நாற்பத்து நான்கு ஆண்டு ஆண்டான் என்பது மகாவம்சத்தின் கூற்று. துட்டகைமுனு காலத்தில் குளம் இருந்ததென்றால் அதற்கு முன் ஆண்டவர் கட்டியிருக்கலாம் என்று ஊகிப்பது தவறில்லை. அதை ஊகம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணுக்குப் படுவதில்லை. மகாவம்சம் எழுதப்பட்டது கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டை ஒட்டி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு நிகழ்ச்சிக்குள் நூலாசிரியர் தன் காலத்து இடப்பெயர் ஒன்றைச் செருகியிருக்க முடியும். அப்படியானால் பெலிவாபி என்ற பெயரைக் கொண்டு குளத்தின் வயதைச் சொல்ல முடியாது. செங்கல்தான் சொல்ல வேண்டும். செங்கல்லின் சாட்சியமோ அநுராதபுர வரிசையில் தொங்குகிறது. அந்த வரிசையின் ஆண்டுகளோ மகாவம்சத்திலிருந்து வந்தவை. ஆக, இரண்டு தனித்தனிச் சாட்சிகள் போலத் தோன்றுபவை முழுக்கத் தனித்தனி அல்ல. பார்க்கரின் முறையில் நான் காணும் மிகப் பெரிய பலவீனம் இதுவே. வேறு குறைகளும் உண்டு. பெரிய தாதுகோபத்துக்கு அறுத்த கல்லும் காட்டுக் குளத்துத் துருசுக்கு அறுத்த கல்லும் ஒரே அச்சில் அறுக்கப்பட்டவை என்று எப்படி எடுத்துக்கொள்வது? பிற்காலத்தில் துருசைத் திருத்தியவர்கள் பழைய இடிபாட்டின் கல்லையே திரும்பப் பயன்படுத்தியிருந்தால்? இன்று செங்கல்லைச் சுட்ட காலத்தை வெப்பொளிர்வு முறையால் நேரடியாக மதிப்பிட முடிகிறது. பார்க்கருக்கு அந்த வசதி இல்லை. இருந்தும், அவர் தன் எண்களை மறைக்காமல் அச்சிட்டு வைத்ததால்தான் நாம் இப்படி வாதாட முடிகிறது. முடிவை மட்டும் எழுதிவிட்டுப் போன அறிஞரோடு வாதாட வழியில்லை.

துருசு பற்றி அவர் எழுதியதுதான் உலகளவில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. வன்னியில் சின்னக் குளங்களில் நீர் திறப்பது எளிது. கட்டின் அடியில் ஒரு குழாய், அதன் வாயை அடைக்க ஒரு தக்கை. பெருங்குளத்தில் அது நடவாது. இருபது, முப்பது அடி நீர் மேலே நிற்கும்போது, கட்டின் அடியில் உள்ள திறப்பினூடாகத் தண்ணீர் பீறிடும் வேகம் கதவைப் பிய்க்கும், வாய்க்காலை அரிக்கும், கட்டையே பிளக்கும். பழைய பொறியியலாளர் இதற்குக் கண்ட வழி, கட்டின் உட்புறச் சரிவில் கல்லும் செங்கல்லும் கொண்டு செங்குத்தான ஒரு சதுரக் கிணறு கட்டுவது. குளத்து நீர் அடிக் கால்வாயூடாக முதலில் அந்தக் கிணற்றுக்குள் வருகிறது. கதவு அங்கே இருக்கிறது. அங்கிருந்து அடக்கமாக வெளிக் கால்வாயில் இறங்குகிறது. சிங்களத்தில் இதை பிசோகொட்டுவ என்பார்கள். வவுனிக்குளமும் வவுனியா மாவட்டத்துப் பாவற்குளமும் பார்க்கரின் நூலில் விரிவாகப் பேசப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐரோப்பாவில் நீர்த்தேக்கங்களுக்கு இத்தகைய அடைப்புக் கிணறுகள் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இலங்கையர் அதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்பது அவர் முடிவு. பின்னர் இந்த வசனம் பாடநூல், சுற்றுலாக் கையேடு, மேடைப் பேச்சு என்று எங்கும் பரவி, தேசப் பெருமையின் முழக்கமாயிற்று. பார்க்கர் எழுதிய தொனி அது அல்ல. தன்னுடைய தொழிலில் தனக்கு முன் இருந்த ஒரு கெட்டிக்காரரைக் கண்ட மகிழ்ச்சிதான் அவர் பக்கங்களில் தெரிகிறது. மரக் கதவுகள் உக்கிப்போனதால் அவை எப்படி ஏற்றி இறக்கப்பட்டன என்பது இன்றைக்கும் ஊகமே.

‘ஏன்சியன்ற் சிலோன்’ குளங்களோடு நின்றுவிடவில்லை. வேடர்கள், பழைய கல்வெட்டுகள், பழைய காசுகள், ஆயுதங்கள், கற்பாறைகளில் கீறப்பட்ட விளையாட்டுக் கட்டங்கள், சுவஸ்திகைக் குறி என்று அது பரந்து செல்கிறது. காட்டையும் குளத்தையும் காக்கும் தெய்வங்களைப் பேசுமிடத்தில் ஐயனாரும் வருகிறார். குளக்கட்டில் ஐயனாரை வைத்து, வான் பாயும் முன்னே அவருக்குப் பொங்கல் வைக்கும் வழக்கம் உள்ள நமக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமாகப் படா. எல்லாவற்றிலும் அவர் சரி என்று சொல்ல மாட்டேன். இனங்களைப் பற்றிய அவர் காலத்துக் கோட்பாடுகள் வேடர் பற்றிய அத்தியாயங்களில் கனமாக இறங்கியிருக்கின்றன. அளவுகோல் கையில் இருக்கும்போது கவனமாயிருப்பவர், அதைக் கீழே வைத்ததும் தன் காலத்து மனிதராகிவிடுகிறார்.

அவர் அளந்த துருசு இப்போது இல்லை என்பது இந்தக் கதையின் கடுமையான பகுதி. குளம் 1950களில் திருத்தப்பட்டபோது புதிய கட்டும் புதிய துருசும் வந்தன. பழையதைக் கண்டுபிடித்த துறைதான் பழையதன் மேல் புதியதைக் கட்டியது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மல்லாவி, யோகபுரம், பாலிநகர் என்று இன்று நாம் சொல்லும் ஊர்கள் அந்தத் தண்ணீரில் தழைத்தவை. சோற்றுக்கும் சான்றுக்கும் இடையில் எதை விடுவது என்ற கேள்வி வந்தால் கமக்காரர் சொல்லும் பதிலே நியாயமான பதில். ஆனால், அளந்து வைத்துவிட்டுக் கட்டுவது, அளக்காமல் கட்டுவது என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. வன்னியின் நூற்றுக்கணக்கான சின்னக் குளங்கள் திருத்தப்பட்டபோது அவற்றின் துருசுக்குள் இறங்க ஒரு பார்க்கர் இருக்கவில்லை.

இதோடு நெவிலை ஒப்பிடத் தோன்றுகிறது. அந்த ஒப்பீடு நமக்கு இதமாக முடியாது. நெவில் சுவடிகளை எடுத்துச் சென்றார். அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் பூச்சி அரிக்காமல் இருக்கின்றன. எடுத்துச் செல்லப்படாதவை என்ன ஆயின? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2008இல் போர் மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் வந்தபோது சனங்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடியது பிள்ளைகளையும் பாயையும் அரிசியையும். பரியாரி வீட்டு வாகடச் சுவடி, கோயில் ஏடு, பழைய உறுதி எல்லாவற்றையும் யார் தூக்குவார்? எடுத்துச் சென்றது களவு என்ற வாதத்தை நான் கைவிடவில்லை. எடுத்துச் செல்லாமலே எழுதிவைத்த பார்க்கர், லூயிஸ் வழி ஒன்று இருந்ததே என்பதைத்தான் அந்த வாதத்துக்குப் பக்கத்தில் வைக்கிறேன். ஒரு சுவடியை அங்கேயே இருந்து படியெடுக்க நெவிலுக்கும் ஆள் கிடைத்திருக்கும்.

அளவை மட்டும் எடுத்துச் செல்வதிலும் வேறொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. பார்க்கர் காலத்தில் செங்கல், காலம் பற்றிய கேள்விக்குப் பதில். இன்று வன்னியில் அது காணி பற்றிய கேள்வியாகிவிட்டது. முல்லைத்தீவின் குருந்தூர்மலையில் பழைய இடிபாடுகளை வைத்து 2021 முதல் நடக்கும் தகராறை நாளிதழ் படிக்கும் எவரும் அறிவார். பழைய செங்கற் கட்டடம் கண்டால் அது இன்னாருடையது, ஆகவே இந்த நிலமும் இன்னாருடையது என்று இரு பக்கத்திலும் வாதம் எழுகிறது. செங்கல்லின் தடிப்பு அதை அறுத்தவர் வீட்டில் என்ன மொழி பேசினார் என்று சொல்லாது. வவுனியாவுக்கு வடக்கே பெரியபுளியங்குளத்துக் குகைக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கிறிஸ்துவுக்கு முந்திய பிராமி எழுத்து, பிராகிருத மொழி, பௌத்த சங்கத்துக்குக் கொடை. கொடையாளியோ ‘தமேட’ வணிகன், அதாவது தமிழ் வணிகன், விசாகன் என்ற குடும்பத் தலைவன். 1970இல் பரணவிதான பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதியில் அது இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த மனிதனை இன்றைய இரண்டு பக்கங்களில் எந்தப் பக்கத்தில் நிறுத்துவது? அவனுக்கு அந்தக் கேள்வியே புரிந்திராது.

வடக்கில் பின்னர் ஒழுங்கான ஆய்வுகள் நடந்தன. போல் பீரிஸ் 1917 முதல் கந்தரோடையில் தோண்டினார். அவரும் நீதித்துறையில் இருந்தவர், பகல் வேலைக்காரர் வரிசையில் கடைசியாக வந்த பெரியவர்களுள் ஒருவர். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு வந்தார்கள். பொ. இரகுபதியின் யாழ்ப்பாணக் குடியேற்றங்கள் பற்றிய ஆங்கில நூல் 1987இலும், ப. புஷ்பரட்ணத்தின் ‘பூநகரி தொல்பொருளாய்வு’ 1993இலும் வெளிவந்தன. பூநகரி துணுக்காய்க்கு எல்லைப் புறம். பாலியாற்றங்கரை அந்த அளவு பேறு பெறவில்லை.

ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பார்க்கர் வெறுமனே இருக்கவில்லை. 1909இல் தொல்லியல் நூல். 1910இல் ‘வில்லேஜ் போக்ரேல்ஸ் ஒவ் சிலோன்’ என்ற கிராமியக் கதைத் தொகுப்பின் முதல் தொகுதி. 1914இல் இரண்டாவதும் மூன்றாவதும். முப்பது ஆண்டு காட்டில் அலைந்தவரின் பெட்டியில் இருந்தவை காசும் சிலையும் அல்ல, கதைகள். கிராமத்தவர் சொன்னபடியே சிங்களத்தில் எழுதுவித்து, பிறகு அவற்றை அழகுபடுத்தாமல், இயன்றவரை சொல்லுக்குச் சொல்லாக ஆங்கிலமாக்கினார். படிப்பதற்கு அந்த மொழிபெயர்ப்பு கரடுமுரடானது; வாசகர் சலித்துக்கொள்வார். ஆனால் திருத்தி எழுதிய கதையில் திருத்தியவர் குரலே கேட்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். செங்கல்லைச் செதுக்கிச் சமப்படுத்திவிட்டு அளப்பவர் உண்டா? கதைகளைச் சொன்னவரின் சாதிவாரியாகப் பிரித்து அடுக்கியதிலும் அதே புத்திதான். இன்று நமக்கு அந்தப் பாகுபாடு உறுத்தும். ஆயினும் கமக்காரர் மட்டுமல்லாமல், பறை அடிப்பவர், உரோடியர் முதலிய, வேறெவரும் கேட்கச் சென்றிராத மனிதர்கள் சொன்ன கதை எது என்று நூறு ஆண்டு கழித்தும் அறிய முடிவது அதனால்தான்.

அந்தக் கதைகளில் பெரும்பகுதி வடமேல், வடமத்திய மாகாணங்களின் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தவை. வன்னித் தமிழ்க் கிராமங்களின் குளங்களைப் பார்க்கர் துல்லியமாக அறிந்தார். அந்தக் குளங்களின் கீழ் வாழ்ந்தவர்களின் கதைகளுக்கு அதே அளவு இடம் அவரிடம் கிடைக்கவில்லை. அவர் அதிக காலம் கழித்தது அந்தச் சிங்களக் கிராமங்களில், அவருக்கு எழுதித்தர ஆள் கிடைத்ததும் அங்கேதான். இதற்கு வேறு ஆழ்ந்த காரணம் தேட வேண்டியதில்லை. வன்னியின் பள்ளு, சிந்து, ஒப்பாரி, பண்டாரவன்னியன் கதை ஆகியவற்றை எழுத்தில் கொண்டுவரும் வேலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முல்லைமணி வே. சுப்பிரமணியம் போன்ற உள்ளூர் ஆசிரியர்களிடம் வந்து சேர்ந்தது. அவர்களும் பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களே. நேரம் கிடைத்த விடுமுறைகளில் கிழவர்களைத் தேடிப் போனார்கள். அதற்குள் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய பலர் காய்ச்சலிலும் முதுமையிலும் போய்விட்டிருந்தார்கள்.